குளிர் இறங்கிப் போன வழி

இன்று காலை அல்சூர் அலுவலகத்தில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். நீலகிரித் தைல வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பெட்டியின் அடியில், நுரைப்பஞ்சுக்குக் கீழே உன் கம்பளிக் கையுறை ஒன்று கிடந்தது. இடது கை. விரல் நுனிகளை நீயே கத்தரியால் வெட்டி எடுத்திருந்தாய். விரலில் பட்டு உணராமல் ட்ரோன் ஓட்ட முடியாது என்பாய். வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. நான் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த நம் முதலாளி சார், எதுவும் கேட்காமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

அழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஊட்டியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அதை வைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் அலைகிறேன். வீட்டில் சொன்னேன், "பரவாயில்லையே" என்றார்கள். அலுவலகத்தில் சொன்னேன், கைகொடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, "மொதல்லேருந்து சொல்லு, எதையும் வுடாத" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து.

நீ எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது ஒன்பது வருடம் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டியிருந்தாய். ட்ரோன் ஓட்டப் பயிற்சி முடித்த சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாய். காவலாளியிடம் கன்னடம், டீ கொண்டுவந்தவரிடம் உருது, என்னிடம் தமிழ். "நான் ஆஸ்டின் டவுன்ல பொறந்து வளந்தவ. எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான்" என்றாய். நான் வாணியம்பாடியிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள். பேருந்தில் நிறுத்தம் கேட்கக்கூடக் கன்னடம் வராமல் கூகுளைத் தடவிக்கொண்டிருந்தவள். என் தடித்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு அன்றே எனக்குக் "கண்ணாடி" என்று பெயர் வைத்தாய். கடைசிவரை என் உண்மையான பெயரை நீ சொல்லி நான் கேட்டதில்லை.

நம் வேலை எளிமையானது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். நீ வயலுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிடுவாய். அதன் கேமரா, கண்ணுக்குத் தெரியும் நிறங்களோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும். ஆரோக்கியமான இலை அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். செத்த இலை அனுப்பாது. நூற்றுக்கணக்கான படங்களை நான் மடிக்கணினியில் ஒட்டவைத்து வரைபடமாக்குவேன். நல்ல பயிர் பச்சை, போன பயிர் சிவப்பு. நீ மேலே பார்ப்பாய், நான் திரையைப் பார்ப்பேன். யாரும் மற்றவர் வேலையில் கை வைப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். நீ அப்படி நினைக்கவில்லை.

ஹொஸ்கோட்டைக்கு அப்பால் நாம் சோதனைக்குப் போகும் மைதானம் நினைவிருக்கிறதா? ஒருநாள் ட்ரோனை இயக்கும் கருவியை என் கையில் திணித்து, "இன்னிக்கி நீ ஓட்டு" என்றாய். மறுத்தேன். விடவில்லை. இரண்டே நிமிடத்தில் ட்ரோனைக் கொண்டுபோய் ஓரத்தில் நின்ற மாமரத்துக்குள் சொருகினேன். நான் வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறினாய். கிளைகளுக்கு நடுவிலிருந்து உன் குரல் மட்டும் வந்தது: "மரத்துக்கு அடி ஒண்ணும் படல. பயப்படாத."

போன வருடம் மார்கழிக் கடைசியில்தான் ஊட்டிப் பக்கத்திலிருந்து அந்த வேலை வந்தது. உறைபனியால் பயிர் எவ்வளவு போகிறது என்று வானிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நிவாரணப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு அந்த அறிக்கை போகும். சார் அனுமதிகளையெல்லாம் வாங்கிவைத்திருந்தார். அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் சார்பில் போஜன் என்பவர் பேசினார். ஐம்பதை நெருங்கும் படுகர் இனத்தவர். பேச்சில் அவசரமே இருக்காது. "ரெண்டு நாளா நீர்ப்பனிதான் விழுது. வானம் தெளிஞ்சிருக்கு. நாளைக்கு மறுநாள் உறையும்னு நெனைக்கிறேன். வந்துட்டீங்கன்னா கண்ணால பாக்கலாம்" என்றார். மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மைசூர் தாண்டி, பந்திப்பூர் காடு தாண்டி, கூடலூர் ஏற்றத்தில் நீ ஒவ்வொரு வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டே திருப்பினாய். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு போஜன் வீட்டில் தங்கி, விடிகாலையில் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை. உருளைக்கிழங்குச் செடிகள், புல், வரப்போரக் கற்கள், யாரோ மறந்துபோட்ட சாக்கு, எல்லாவற்றின் மேலும் உப்பைத் தூவிய மாதிரி. மிதித்தால் காலடியில் நொறுங்கியது. அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். போஜன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். நீ பேட்டரிகளைக் கையுறைகளுக்குள் செருகி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். பார்க்க ஆறு மாத கர்ப்பிணிபோல் இருந்தாய். "சிரிக்காத. இதுங்களுக்குத் தைலம்கூட தடவலாம்போல கீது" என்றாய். உன் மூக்கிலும் நெஞ்சிலும் அப்பிக்கொண்ட தைலம்தான் அன்று முதல் எல்லாச் சாமானிலும் ஏறிக்கொண்டது.

வெயில் நன்றாக ஏறியபின் பறக்கவிட்டாய். படங்களை நான் போஜன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒட்டவைத்தேன். வரைபடம் வந்தது. ஏறத்தாழ முழுவதும் பச்சை. அங்கங்கே கொஞ்சம் மங்கல். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இவர்கள் பயிர் தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். அறிக்கையில் "பெரிய பாதிப்பு இல்லை" என்று தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது நீ உள்ளே வந்தாய். சேறு படிந்த கையில் ஒரு உருளைக்கிழங்கு இலை.

"தொட்டுப் பாரு."

தொட்டேன். நிறம் பச்சைதான். ஆனால் ஈரமாக, துவண்டு, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"வெந்த கீர மாதிரி இல்ல?" என்றாய். "கீழ இருக்குற தோட்டம் பூரா இப்படித்தான் கீது. நடந்து பாத்துட்டு வரேன்."

"மேப்ல பச்சையாதான் காட்டுது."

"இப்ப பச்சையாதான் இருக்கு. நாளைக்கி கறுப்பாயிடும். உள்ள தண்ணி உறஞ்சி ஒடஞ்சிபோச்சி. அது மேப்புக்கு இன்னும் தெரியல."

போஜன் கதவருகே நின்று தலையாட்டினார். "ரெண்டு மூணு நாள் ஆகும் கருகுறதுக்கு. ரோட்டுமேல நின்னு பாக்குறவங்களுக்கு எப்பவும் இது தெரியாது."

அப்போது சார் அழைத்தார். நீ கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாய்.

"ரிப்போர்ட் இன்னைக்கே வேணுங்கறாங்க. கெளம்பிட்டீங்களா?" என்றார் சார்.

"இல்ல சார். இன்னைக்கி குடுத்தா அது பொய் ரிப்போர்ட்டு. மூணு நாள் கழிச்சி இன்னொரு வாட்டி பறந்து பாத்துட்டுத்தான் வருவோம்."

"மூணு நாளா? அங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க? மேப் ரெடியா இருக்குல்ல?"

"கீது சார். தப்பா கீது."

"அவகிட்ட ஃபோனக் குடு."

நீ கைபேசியை என் பக்கம் நீட்டினாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ எனக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை. என் வேலை, வாடகை வீடு, ஊரிலிருந்து அப்பா கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரு நொடியில் வந்துபோயின. "சார், இன்னும் தெரியல சார். இப்ப சொன்னா தப்பாயிடும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நீ குனிந்து கைபேசியின் அருகே சொன்னாய்: "வண்டி சாவியும் என் பாக்கெட்லதான் சார் இருக்கு."

சார் பெருமூச்சு விட்டது மலைவரை கேட்டது. "மூணு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பயம்தான். ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பயத்துக்குள்ளேயே, ஊஞ்சல் உச்சிக்குப் போய் நிற்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷத்தை வேலையில் நான் அதற்குமுன் அறிந்ததே இல்லை.

அந்த மூன்று நாளும் நீ அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாய். நீ கன்னடம் பேசினாய். அவர்கள் படுக மொழியில் பதில் சொன்னார்கள். பாதி புரிந்தது, புரியாத பாதிக்கு இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டீர்கள். போஜன் மனைவி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தபோது, "அட, நம்ம ராகி முத்தே" என்று தட்டை நிரப்பிக்கொண்டாய். நான் ஒவ்வொரு நாளும் வயலுக்கு இறங்கி இலைகளைப் பார்த்தேன். பச்சை, பழுப்பானது. பழுப்பு, கறுப்பானது. கூடவே நடந்த போஜன் ஒரு செடியை ஒடித்துப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு காலேஜ் இதுலதான் இருந்துச்சு" என்றார். புலம்பவில்லை. சொன்னார், அவ்வளவுதான். நான் அனுப்பவிருந்த அந்த ஒரு வரியை அன்றிரவே மடிக்கணினியிலிருந்து அழித்தேன்.

நான்காம் நாள் இரண்டாவது வரைபடம் வந்தபோது நாம் இருவரும் திரைமேல் கவிழ்ந்திருந்தோம். பள்ளத்தாக்கின் அடிப்பக்கம் ஏறத்தாழ முழுக்கச் சிவப்பு. ஏழு பேரின் தோட்டம். ஆனால் நம்மை மலைக்கவைத்தது அதுவல்ல. அந்தச் சிவப்பு ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல. கோட்டுக்கு மேற்புறம் சிவப்பு. கீழ்ப்புறம், அதைவிடத் தாழ்வான நிலம், பச்சை.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ருக்மணி அக்கா வேலி" என்றார் போஜன். "சைப்ரஸ் மரம். நெருக்கி நட்டு வெச்சிருக்காங்க. ஆள் உயரத்துக்கு மேல இருக்கும்."

நீ திரையில் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாய். "டிராஃபிக் ஜாம்."

"என்னது?"

"சில்க் போர்டு ஜங்ஷன்ல பாத்ததில்ல? ஒரு எடத்துல அடச்சிக்கிட்டா பின்னாடி கிலோமீட்டர் கணக்கா நிக்கும். குளிர் காத்து கனமானது. ராத்திரி மேலேருந்து எறங்கி ஓடைக்குப் போவப் பாக்குது. வேலி வழி வுடல. பின்னாடி எல்லாம் தேங்கி நிக்குது. வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு காலி."

படிப்பில் நான் இதைப் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்று. ஆனால் அந்தப் பாடத்தை ஒரு வேலியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியது.

சாரிடம் இன்னும் ஒரே ஒரு இரவு கேட்டு வாங்கினாய். நிச்சயப்படுத்திக்கொள்ள மறுநாள் விடிவதற்குச் சற்று முன்பாக வெப்பக் கேமராவை மாட்டிப் பறக்கவிட்டாய். அது ஒவ்வொரு செடியும் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று காட்டும். குளிரக் குளிர நீலம். திரையில் சரிவுகள் வெளிர்நிறத்தில் தெரிந்தன. கீழே வரவர நீலம். வேலிக்குப் பின்னால் மை கொட்டிய மாதிரி. வேலியைத் தாண்டினால் மறுபடி வெளிர்நிறம். ஒரு கையால் ட்ரோனை ஓட்டியபடி மறுகையால் என் முழங்கையைப் பிடித்தாய். அந்த நகக்குறி பெங்களூர் வந்து சேரும்வரை இருந்தது.

சரியான அறிக்கை போனது. ஏழு தோட்டங்களும் பட்டியலில் ஏறின. நம் வேலை அத்தோடு முடிந்தது. உன் வேலை முடியவில்லை. கிளம்புவதற்கு முன் ருக்மணி அக்கா வீட்டுக்குப் போனாய். நான் வேண்டாம் என்றேன். ஊர் விவகாரம், நமக்கெதற்கு என்றேன். "ஸ்வல்ப நேரம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாய். நானும் போஜனும் பின்னால் வந்தோம்.

ருக்மணி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தனியாக இருப்பவர். இரண்டு பசுக்கள், வேலிக்குக் கீழே அவற்றுக்கான புல்நிலம், அதற்கப்பால் ஓடை. வேலி என்றதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"வேலிய வெட்டணுமா? வெட்டுங்க. நாளைக்குக் காட்டெருமை வந்து என் வாசல்ல நிக்கும். நீங்க பெங்களூருக்குப் போயிடுவீங்க. நான் எங்க போவேன்?"

போஜன் தரையைப் பார்த்தார். அவர் அன்று காலையிலேயே போய்க் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நீ வாதாடவில்லை. காட்டெருமை எந்தப் பக்கமிருந்து வரும், எத்தனை வரும், எதைக் கண்டால் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவரும் முதலில் முறைத்துக்கொண்டும் பிறகு ஆர்வமாகவும் சொன்னார். இரண்டாவது டீ வந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்:

"அக்கா, வேலி இருக்கட்டும். பள்ளமா இருக்குற எடத்துல மட்டும் ஒரு லாரி போற அகலத்துக்கு மரத்த எடுத்துட்டு, கம்பி கேட் போட்டுடலாம். நல்ல தடிக் கம்பி. காத்து போவும். மாடு போவாது. உங்க புல்லுக்கு உறைபனி விழுந்தா திரும்ப மொளைக்கும். அவங்க உருளைக்கெழங்கு மொளைக்காது."

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதாவது கெடுதல் ஆச்சுன்னா?"

"நான் வந்து பதில் சொல்றேன்."

"நீயே வரணும்."

"நானேதான் வருவேன்."

சித்திரையில் கேட் போட்டார்கள். போஜன் அனுப்பிய படத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை கம்பியில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தது. நீ அதை உன் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் கஸ்டமரு" என்று காட்டினாய். அடுத்த குளிர்காலம் வரட்டும், விடிகாலையில் அந்த நீலம் கேட் வழியாக இறங்கிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாய்.

ஆடி மாத மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீயும் நினைத்தாய். மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள், "கண்ணாடி, என் பேட்டரிய எல்லாம் பாதிக்கு சார்ஜ் போட்டு வை, முழுசா போட்டு வெச்சா கெட்டுப்போவும்" என்று குரல்செய்தி அனுப்பினாய். ஐந்தாம் நாள் நீ இல்லை. ஆஸ்டின் டவுன் வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பத்தி சாப்புடும்போதெல்லாம் பேசுவா" என்றார். நான் அன்றுதான் உன் வீட்டுக்கு முதல்முறையாக வந்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

சார் வேறொரு பைலட்டைத் தேடினார். நான் அவர் அறைக்குப் போய், "நான் கத்துக்கிறேன் சார்" என்றேன். அவர் மாமரக் கதையைக் கேள்விப்பட்டவர். இருந்தும் பயிற்சிக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். புரட்டாசி, ஐப்பசி முழுவதும் பயிற்சி. ஆரம்பத்தில் தினமும் கை நடுங்கியது. ஒரு நாள் நடுங்கவில்லை. அது எந்த நாள் என்று கவனிக்கவில்லை, அதைத்தான் இப்போது நினைத்து வருத்தப்படுகிறேன். கார்த்திகையில் சான்றிதழ் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் போஜன் அழைத்தார். "வானம் தெளிஞ்சிடுச்சு. இந்த வாரம் உறையும்." வண்டி ஓட்ட ஆளில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. சாரே ஓட்டிக்கொண்டு வந்தார். நீ இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய். கூடலூர் ஏற்றத்தில் எங்களுக்குப் பின்னால் பதினைந்து வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டு வந்தன. டிராஃபிக் ஜாம் என்று சொல்லிச் சிரித்தேன். சாருக்குப் புரியவில்லை.

மறுநாள் விடிகாலை. மறுபடி புல்லெல்லாம் வெள்ளை. பேட்டரிகளை என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். போஜனும் மற்ற ஆறு பேரும் போர்வையோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள். வெப்பக் கேமரா மாட்டிய ட்ரோனை உயர்த்தி, சரிவைத் தாண்டி, வேலியின் மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். திரையைப் பார்த்தேன்.

இறங்கிப் போயிருந்தது. கேள், உண்மையாகவே இறங்கிப் போயிருந்தது. சரிவிலிருந்து வந்த நீலம் வேலியருகே கொஞ்சம் அகன்று, பிறகு ஒடுங்கி, சரியாக அந்தக் கேட் இருக்கும் இடத்தில் கயிறு மாதிரி மெலிந்து, அந்தப் பக்கம் புல்நிலத்தில் விரிந்து ஓடைவரை போயிருந்தது. போன வருடம் மை கொட்டிக் கிடந்த இடத்தில் வெளிர்நிறம். பின்னால் நின்றவர்களுக்கு விளக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார்தான் விளக்கினார், தப்புத் தப்பாக. போஜன் திரையைப் பார்க்கவில்லை. வயலுக்குள் இறங்கி ஒரு இலையைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். அங்கிருந்தே, "விறைப்பா இருக்கு, துவளல" என்றார்.

உடனே அறிக்கை எழுதுவோம் என்று நினைத்தாயா? மூன்று நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது யார் தெரியுமா? சார். நான் கேட்கவே இல்லை.

நான்காம் நாள் வரைபடத்தில் அந்த ஏழு தோட்டங்களும் பச்சை. முழுப் பச்சை என்று சொல்ல மாட்டேன். வேலியை ஒட்டிய இரண்டு வரிசைச் செடிகள் கருகிவிட்டன. வேலியின் கீழ்க்கிளைகளையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அதுவும் சரியாகும் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், புல்நிலத்தின் மூலையில் சிவப்பாக ஒரு சின்னச் சதுரம்.

அது என்னவென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ருக்மணி அக்கா வந்துவிட்டார். கையில் கருகிய பீன்ஸ் கொடி.

"எங்க அவ?" என்றார். "வந்து பதில் சொல்றேன்னா. இந்த வருஷம்தான் மூலையில பீன்ஸ் போட்டேன். பாரு."

அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கொடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதிலிருந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டார்.

"என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"பேச்சுக்காரி" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு. அவளுக்குப் பதிலா நீதான வந்திருக்க."

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். குளிர் எந்த வழியாக வருகிறது, எங்கே விரிகிறது என்று காட்டினேன். "உங்க பீன்ஸ் போனதுக்கு நாங்கதான் காரணம் அக்கா. கேட் போட்டா இங்க என்ன ஆகும்னு அப்பவே முழுசா யோசிச்சிருக்கணும். யோசிக்கல. ரிப்போர்ட்டுல அதையும் எழுதுறேன். அடுத்த வருஷம் பீன்ஸ வீட்டுப் பக்கம் மேட்டுல போடுங்க. அந்த மூலைக்குப் புல்லுதான் சரி" என்றேன். மழுப்பாமல் சொன்னேன். போஜன் முன்னால் வந்து, இந்த வருடம் அக்கா வீட்டுக்கான பீன்ஸ் எங்கள் ஏழு தோட்டத்திலிருந்து போகும் என்றார். அக்கா அவரை முறைத்தார். கேட்டை எடுக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையை நெருங்கி வந்து கேட்டார்: "இதுல என் வீடு எங்க?"

காட்டினேன்.

"இந்தப் புள்ளி?"

"உங்க பசு."

"படுத்திருக்கா, நிக்குதா?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இதுதான் சேதி. எழுதி முடிக்கும்போது மறுபடியும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. எழுந்து இரண்டு முறை அறையைச் சுற்றி வந்துவிட்டேன்.

இன்று மதியம் குன்னூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் அழைத்திருந்தார்கள். அங்கேயும் இரண்டு நாளாக உறைபனி. தேயிலையின் கருகிய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடலாமா, தானாகத் துளிர்க்குமா என்று தெரிய வேண்டும். பேசியவர் பதற்றத்தில் இருந்தார். "நீங்க வந்த அன்னைக்கே சொல்லிடுவீங்கல்ல?" என்று மூன்று முறை கேட்டார். சார் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்து பாக்குறேங்க. அன்னைக்கே தெரிஞ்சா அன்னைக்கே சொல்றேன். தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்வேன். தெரியற வரைக்கும் அங்கேயே இருப்பேன்" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. எனக்கே நன்றாகக் கேட்டது. நாளை மறுநாள் கிளம்புகிறோம்.